பங்களாக் குளத்துக்காக அணைத்த சூடம்

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்பவன் தன் சொந்தக் காரியத்துக்குச் செய்ய வேண்டும். கவர்ன்மெண்டுக்காகச் சூடம் அணைத்த மடையன் கண்டிச் சீமையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

அப்போது மலையெல்லாம் கோப்பித் தோட்டம். நான் மஹய்யாவையிலிருந்து நடந்து போய்க் கண்டியில் ஒரு கவர்ன்மெண்டுக் கந்தோரில் வேலை பார்த்தேன். துரை சொல்வதைச் சனங்களிடமும், சனங்கள் சொல்வதைத் துரையிடமும் கொண்டுபோகிற உத்தியோகம். அந்த வருஷம் பன்விலப் பக்கத்து ஓடைகளை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. பார்வைக்குச் சாதுவான செடி. வேர் மண்ணில் படாமல் தண்ணீர்மேல் மிதக்கும். ஒன்று பத்தாகி, பத்து ஓடையையே அடைக்கும். கோப்பிப் பழத்தைப் பறித்த சூட்டோடு தோல் உரிக்க வேண்டும். உரிக்கிற இயந்திரம் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடுவது. வாய்க்காலில் செடி அடைத்துச் சக்கரம் நின்றால் பழம் குவியலிலேயே புளித்துப்போகும். கீழே கிராமத்து வயலுக்கும் தண்ணீர் இறங்காது. ஆகையால் ஓடை, குளம், வாசல் தொட்டி ஒன்று விடாமல் அதை ஒழிக்கும்படி உத்தரவு வந்தது. தோட்டங்களையும் கிராமங்களையும் ஒரே நேரத்தில் வேலையில் இறக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

ஒரே நேரம் என்பதில்தான் சூட்சுமம். மேலே ஒருவன் ஒரு கை அளவு விட்டுவைத்தால் கீழே நூறு பேர் மாரடித்தது வீண். இதைத் துரைக்கு எடுத்துச் சொன்னவனே நான்தான். அவர் கவனமாகக் கேட்டார். எனக்குக் கதிரை போட்டு உட்காரச் சொன்ன ஒரே வெள்ளைக்காரர் அவர். அந்தக் கதிரையில் மயங்கிப்போனேன் என்று இன்று சொல்லலாம். அன்று அவருக்காக உயிரையும் கொடுத்திருப்பேன்.

ஓடை தொடங்கும் மலையின் உச்சியில் ஒரு தோட்டத்துப் பங்களா. அதன் முன்னால் தோட்டத்துக்காரரின் மனைவி, அந்தத் துரைசாணி, ஆசையாக வெட்டுவித்த குளம். குளம் நிறைய ஆகாயத்தாமரை. அது வழிந்தால் நேராக ஓடைக்குத்தான் வரும். "பங்களாக் குளமும் இதில் சேர்த்திதானே?" என்று துரையிடம் வாய்விட்டே கேட்டேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்றார். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

மறுநாள் அந்தத் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். துரையும் குதிரையில் வந்து தள்ளி நின்றார். லயத்துச் சனங்கள் அந்தச் செடியை வாசல் தொட்டியில் வளர்த்தார்கள். கோப்பிக் காட்டின் ஈரத்தில் காலில் படை வரும். செடியைச் சுட்டுச் சாம்பலாக்கி எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். டாக்டரும் மருந்தும் அவர்களுக்கு ஏது? மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரும் கூடினார்கள். இனி எவரும் இதை வைத்திருப்பதில்லை என்று கூலிகளின் தலைவரான கங்காணி சூடம் ஏற்றி உள்ளங்கையால் அணைத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். புருஷனின் காலுக்காகச் செடி வளர்த்த பெண் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"எங்க தொட்டிய கவுத்துடறோம். மேல பங்களா கொளத்த யாரு கவுப்பா?"

"அதுவும் சுத்தமாகும்மா. துரையே சொல்லியிருக்காரு."

"தொர சொன்னது எங்க காதுல விழலயே. எங்களுக்கு ஒங்களத்தான் தெரியும். நீங்க அணைங்க."

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் துரையைப் பார்த்தேன். அவர் மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் போதுமென்று இன்னொரு சூடத்தை ஏற்றி, பங்களாக் குளம் சுத்தமாகும் என்று என் பிள்ளைகள்மேல் ஆணையிட்டு அணைத்தேன். உள்ளங்கை சுட்டது. அவள் அங்கேயே தன் தொட்டியைக் கவிழ்த்தாள்.

திரும்பும் வழியில் துரை அது என்ன சடங்கு என்று கேட்டார். விளக்கினேன். வெகு நன்று, எல்லாத் தோட்டத்திலும் இப்படியே செய் என்றார். செய்தேன், தலைவிதி.

இரண்டு மாதம் நாயாய் உழைத்தோம். மூங்கில் வாரிகளால் வாரிக் கரையில் குவித்து, காய்ந்ததும் கொளுத்தினோம். தப்பிய துணுக்குகளைப் பிடிக்க ஓடையின் குறுக்கே மூங்கில் தட்டி கட்டினோம். லயத்துச் சனங்கள் கோப்பிக் காட்டு வேலை முடிந்து வந்து இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். கடைசியில் ஓடை கண்ணாடியாய் ஓடியது. பாக்கி பங்களாக் குளம் மட்டும்.

கங்காணியையும் ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன். பங்களா வேலைக்காரனான அப்பு கும்பிட்டுவிட்டு உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தான். துரைசாணியின் விருப்பத்தை முன்னிட்டு இந்தக் குளத்துக்கு விலக்கு அளிக்கப்படுகிறது என்றிருந்தது. கீழே என் துரையின் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். நான் சூடம் அணைத்ததற்கு ஒரு வாரம் முந்தியது!

அடப் பாவி! குளத்தை விடப்போவது தெரிந்தேதான் எனக்குச் சட்டம் சொன்னான். தெரிந்தேதான் தலையாட்டினான். என் பிள்ளைகள்மேல் நான் ஆணையிடுவதைக் குதிரைமேல் இருந்து வேடிக்கை பார்த்தான். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான். கந்தோருக்குப் போய்த் துரையிடமே கேட்டேன். சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறாய் என்றார். பிறகு பழையபடி கதிரையைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

மழை வந்தது, குளம் வழிந்தது. தட்டியையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அடுத்த கோப்பிக் காலத்துக்குள் ஓடை மறுபடி பச்சை. மறுபடி வாரவேண்டும், சனங்களைக் கூப்பிடு என்று உத்தரவு. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மன்றாடியும், உன் பேச்சைத்தான் கேட்பார்கள் என்று என்னையே அனுப்பினார்கள்.

போனேன். கங்காணி முகம் கொடுக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் வாசலில் நின்றாள். உள்ளே அவள் புருஷன் காலில் படை முற்றி, துணி சுற்றிக்கொண்டு படுத்திருந்தான்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். அந்தக் காயிதம் ஒங்களுக்கு முந்தியே தெரியுமா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா தெரியாதும்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"புள்ளைங்கள விட்டுடுங்க, பாவம். தெரிஞ்சு செஞ்சிருந்தா ஆத்தா பாத்துக்குவா. ஒண்ணுமே தெரியாத ஆளுன்னா, ஒங்க பேச்ச நம்பி நாங்க எதுக்கு தண்ணியில எறங்கணும்?"

 அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. கோப்பி போய் அந்த மலையெல்லாம் தேயிலையாகிவிட்டது. அன்று அவள் காலடியில் அதே தொட்டி நிமிர்ந்து இருந்தது, அதில் ஆகாயத்தாமரை தளதளவென்று மிதந்தது. அதைக் கவிழ்க்கச் சொல்லத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். நான் சொல்லாமல் திரும்பி நடந்தேன்.