சாயம் தின்ன மறந்த பாக்டீரியா

புதுசா லேப்ல சேர்ற பசங்களா, இத படிச்சிட்டு உள்ள போங்க. அண்ணாமலை நகர்ல ஒரு மைக்ரோபயாலஜி லேப்ல நான் ப்ராஜெக்ட் அசிஸ்டெண்டா இருந்தப்ப நடந்தது.

யாஸ்மின் அக்கா எங்க லேப்ல பிஎச்டி ஸ்காலர், ஊரு பரங்கிப்பேட்டை. அவுங்க டாபிக், துணிச் சாயத்த தின்னுற பாக்டீரியா. செம்மங்குப்பம் பக்கம் ஓடை மண்ணுலேர்ந்து புடிச்சது. நீலச் சாயம் ஊத்துன ஃப்ளாஸ்க்ல போட்டா மறுநாளே வெளுத்துடும், செம மாஸா இருக்கும். அத கமிட்டி முன்னாடி காட்டுனாதான் தீசிஸ் எழுத பெர்மிஷன்.

கமிட்டிக்கு முந்துன வாரம் ட்ரையல் போட்டோம். மறுநாள் பாத்தா நீலம் அப்டியே கெடக்கு. திரும்பப் போட்டோம். திரும்ப நீலம்.

"கன்டாமினேஷனா இருக்கும்க்கா, வேற ஏதோ பூச்சி கலந்துருக்கும்."

"எல்லா டெஸ்ட்டும் பாத்துட்டேன்டா. அதே பூச்சிதான். வேலதான் செய்ய மாட்டேங்குது."

ஒரு விஷயம் சொல்லணும். எங்க கைடு மேடத்துக்கு ரிசர்ச் இன்ட்ரஸ்ட் மண்ணும் கழிவுநீரும். எதிர் ரூம் மாலிகுலர் பயாலஜி சாருக்கு பிளாஸ்மிட், அதாவது பாக்டீரியாவுக்குள்ள மெயின் டிஎன்ஏ போக தனியா இருக்குற குட்டி வளையம். சார் மேடத்த "மண்ணு பார்ட்டி"ம்பாரு. அந்த டிஎன்ஏவ ஜெல்லுல ஓட்டுனா கோடு கோடா தெரியும், அதனால மேடம் சார "கோடு பாக்குறவரு"ம்பாங்க. அதனால ரெண்டு லேப் பசங்களும் கேன்டீன்லதான் பேசிப்போம்.

அங்கதான் சார் அக்காவ புடிச்சாரு. "என்னம்மா, உன் பாக்டீரியா விஆர்எஸ் வாங்கிடுச்சாமே? எதுல வளக்குற?"

"நியூட்ரியண்ட் அகார் சார். வாராவாரம் புதுப் பிளேட்டுக்கு மாத்திடுவேன்." நியூட்ரியண்ட் அகார்னா எல்லாச் சத்தும் கலந்த ஜெல்லி.

"சாயம்?"

"அது டெஸ்ட்டுக்கு மட்டும்தான் சார்."

"அதான பாத்தேன். மூணு வேளையும் பிரியாணி போட்டுட்டு வேலைக்குப் போன்னா எந்த மாப்ள போவான்?"

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அக்கா சிரிக்கல. டீய கீழ வெச்சாங்க.

"சார், சாயம் தின்னுற ஜீன் பிளாஸ்மிட்ல இருந்திருந்தா? தேவப்படலன்னு அது கழண்டு போயிருக்குமா?"

சாருக்கு சிரிப்பு நின்னுடுச்சு. "பழைய ஸ்டாக் இருக்கா?"

"புடிச்ச புதுசுல கிளிசரால்ல போட்டது ஃப்ரீசர்ல இருக்கு சார்."

"ரெண்டையும் கொண்டா, ஜெல் ஓட்டிப் பாப்போம். மேடத்துகிட்ட நான் பேசவா?"

"வேணாம் சார். நானே கேக்குறேன்."

அக்கா போய் கேட்டதுக்கு மேடம் சொன்னது இதான்: "போ. ஆனா அந்த ஆளு முன்னாடி ஜெல்ல கிழிச்சி மானத்த வாங்காத."

ஃப்ரீசர் ஸ்டாக்க சாயம் போட்ட பிளேட்லயே எழுப்புனோம். பாக்டீரியா காலனிய சுத்தி வெள்ளையா வட்டம் விழுந்துச்சு. ஜெல்ல பழசுக்கு பிளாஸ்மிட் கோடு பளிச்சுன்னு நிக்குது. பிரியாணி பார்ட்டிக்கு அந்த எடமே காலி.

"நல்லா பாத்துக்குறேன்னு நான்தான்டா கெடுத்துருக்கேன்"ன்னாங்க அக்கா.

கமிட்டியில ரெண்டு ஃப்ளாஸ்க்கையும் வெச்சாங்க, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு நீலம். வெளியூர்லேர்ந்து வந்த எக்ஸ்பர்ட் கேட்டாரு: "வேல செய்யிறத மட்டும் காட்டியிருக்கலாமேம்மா?"

"அப்ப அது எதனால செய்யிதுன்னு சொல்ல முடியாதே சார்."

பெர்மிஷன் கெடச்சிது. எங்க மேடமும் எதிர் ரூம் சாரும் பக்கத்து பக்கத்துல உக்காந்து தலையாட்டுனத அன்னிக்கிதான் பாத்தேன்.

ஆக, பாடம் இதான்: எந்த வேலைக்காக ஒரு கல்ச்சர வெச்சிருக்கீங்களோ, அந்த வேலைய அது டெய்லி செய்யணும். செல்லம் ஜாஸ்தியானா காலி.

இன்னொண்ணும் இருக்கு. எல்லாம் முடிஞ்சுதேன்னு அந்த வேல செய்யாத பிளேட்ட ஆட்டோகிளேவ்ல போட்டுக் கொல்ல எடுத்துட்டுப் போனேன். அக்கா ஓடி வந்து கையில ஒண்ணு போட்டாங்க.

"வைடா அத! அது இல்லன்னா எனக்கு ஏதுடா தீசிஸ்?"