வெட்டிவேர்த் தட்டியும் மூன்று தாள்களும்

புழுக்கம் தாங்கவில்லை என்று மருமகள் நேற்றுக் குடிதண்ணீரில் கொஞ்சம் வெட்டிவேர் போட்டு வைத்தாள். ஒரு வாய் குடித்ததும், நான் குமாஸ்தாவாக இருந்த ராயபுரத்துக் கப்பல் ஏஜெண்டு ஆபீஸின் மேல்மாடி ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. விதிப்புத்தகம் முழுவதும் மனப்பாடம். இரண்டும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கோடை பிறந்தால் அங்கே ஜன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டுவார்கள். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை, கால் மணிக்கு ஒருமுறை அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது விதி. எழுதியவர் கடலே இல்லாத ஊர்க்காரராக இருக்கவேண்டும். காலையில் தரைக்காற்று அனலாக வீசும்போது சுகமாகத்தான் இருந்தது. ஊற்றுகிறவள் பெயர் கன்னியம்மா. புருஷன் துறைமுகத்தில் மூட்டை விழுந்து, கால் ஒடிந்து படுத்திருந்தான். கோடைக்கு மட்டுமான அந்த வேலையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஒருநாள் பிற்பகல் பார்க்கிறேன்: தட்டி காய்ந்து கிடக்கிறது. கீழ்ப்பாதியைச் சுருட்டிக் கட்டிவிட்டு, அவள் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறாள். ஏன் ஊற்றவில்லை என்று கேட்டேன்.

"கடல்காத்து வந்துகினு கீது சாமி. இப்போ ஊத்துனா உள்ள கீறவங்கல்லாம் வெந்துபூடுவாங்க. உனுக்கு வேர்க்குதா, சொல்லு."

வேர்க்கவில்லை. ஆனால் நான் கேட்டது அதுவல்லவே. பெரிய குமாஸ்தாவுக்கு அறிக்கை எழுதினேன். அவளிடம் எழுத்தில் விளக்கம் வாங்கும்படி அவர் சொன்னார். எழுதத் தெரியாத கன்னியம்மா நேராக என்னிடமே வந்து நின்றாள்.

"நீயே எயுதிக் குடு சாமி. நல்லா எயுதுவியாமே. வேலை பூடாத மாதிரி எயுது."

எழுதினேன், நன்றாகவே. கடற்காற்று, அதிலுள்ள ஈரம், அவள் அனுபவம் என்று இரண்டு பக்கம். கைநாட்டு வைத்தாள். அந்தத் தாள் முறைப்படி என் மேஜைக்கே திரும்பி வந்தது, குறிப்பு எழுதுவதற்காக. நேரத்தைக் குறைக்கத் தண்ணீர் ஊற்றுபவருக்கு அதிகாரமில்லை என்று எழுதினேன். அதுவும் உண்மைதான். அறிக்கை, விளக்கம், குறிப்பு மூன்றையும் எத்தனையோ முறை மனதுக்குள் படித்துப் பார்த்துவிட்டேன், எதிலும் பிழையில்லை. சனிக்கிழமையோடு அவளை நிறுத்திவிட்டார்கள். இது எந்தத் தாளிலிருந்து வந்தது என்பதுதான் விளங்கவில்லை.

அடுத்து வந்தவன் ஐந்து மணிவரை ஊற்றினான். மத்தியானத்துக்கு மேல் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்து கணக்கில்லாமல் வேர்த்தோம். காகிதம் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த வருஷம் வெயில் கொஞ்சம் ஜாஸ்தி என்றார் பெரிய குமாஸ்தா. எல்லோரும் ஆமோதித்தோம். நானும்தான்.

ஓய்வு பெற்றபின் ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். அவள் இருந்த குடிசை வரிசை இல்லை. விசாரித்தால், எந்தக் கன்னியம்மா என்கிறார்கள். ஆபீஸ் இருந்த இடத்தில் ஜன்னலே இல்லாத கிடங்கு. சுற்றிலும் அதேபோல் உயரமான சுவர்கள். மூன்று மணி தாண்டியும் நின்று பார்த்தேன். கடற்காற்று வந்துவிட்டதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.