இடது காதுக்காரர்

செலுவநாராயணன் எங்கே போனாலும் வலது பக்கம் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவார். கல்யாணப் பந்தியில் சுவரோர இலை கிடைக்காவிட்டால் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார். நாடு குடியரசான வருஷம் ரயில்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே வலது காது ஓய்வு பெற்றுவிட்டது. இடது காதில் மிச்சம் மீதி இருப்பதைக் கொண்டுதான் காலம் தள்ளுகிறார்.

அக்ரஹாரத்தில் எல்லாரும் அவரிடம் கத்தித்தான் பேசுவோம். எதிர்வீட்டுக்காரன் என்கிற உரிமையில் நான் கொஞ்சம் அதிகமாகவே கத்துவேன். கத்தாதவர் அவர் மனைவி வத்ஸலா ஒருவர்தான். மத்தியானக் காப்பி ஆனதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு காதாகத் தெருச் செய்தி முழுவதையும் சொல்லுவார். ஆசாரமான மேல்கோட்டைக் குடும்பம், மருமகள்கள் நடமாடும் வீடு. அங்கே வயதான தம்பதி ஒட்டி உட்கார்ந்தால் பேச்சுக் கிளம்பிவிடும். காது மந்தத்துக்கு மட்டும் சலுகை உண்டு. அந்தச் சலுகையை இருவரும் அனுபவித்த அழகைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

போன தசராவுக்குப் பம்பாய் மகன் காது மிஷின் அனுப்பினான். சட்டைப் பையில் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். அபாரமான சாமான், சந்தேகமே இல்லை. ஜட்கா மணி கேட்டது, குழாய் சொட்டுவது கேட்டது. வத்ஸலாவும் சமையலறையில் இருந்தபடியே பேச ஆரம்பித்தார். "மிஷின் இருக்கச்சே சும்னே, காரணமில்லாம கிட்டப் போய் ஒக்காந்தா நன்னாவா இருக்கும்?" என்று என் மனைவியிடம் கேட்டாராம்.

இவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "எல்லாம் கேக்கறது ஸ்வாமி, காக்கா கத்தறதுகூட. ஆத்துக்காரி குரல்தான் தூரத்துலேர்ந்து வரது." அந்தப் பழைய மத்தியானங்களை நினைத்தால் எனக்கே ஏக்கமாக இருந்தது.

நேற்று நான் அங்கே இருந்தபோது, கோடிவீட்டுப் பத்மாஸினிக்கு வரன் நிச்சயமானதை வத்ஸலா உள்ளேயிருந்து சொன்னார். எனக்கே தெளிவாகக் கேட்டது. இவர் பைக்குள் கையை விட்டு எதையோ மெல்லத் திருகினார்.

"ஒண்ணும் கேக்கலே. பாட்டரி போயிடுத்து."

வத்ஸலா ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "காத்தாலதானே புதுசு போட்டேன்" என்றார். இவர் பைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. வத்ஸலா சற்று நேரம் அவரையே பார்த்தார். பிறகு, நான் இருப்பதைப் பொருட்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து, காதிலிருந்த ஒயரைத் தானே உருவிச் சுருட்டி அவர் மடியில் வைத்தார்.