ஹெல்மெட்டுக்குள் சுப்பையா

வண்டியைப் பூட்டிய பிறகும் சுப்பையா ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. அதோடு படியேறி, சீட்டுப் போட்டு, அரசு மருத்துவமனையின் குழந்தையின்மைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்காருகிறார். உட்கார்ந்ததும் முகக் கண்ணாடியையும் இறக்கிவிடுகிறார். டெல்லி ஜூன் மாதம்; உள்ளே இட்லி மாதிரி வேகவேண்டும். "அரே பையா, யஹாங் கௌன் ஸா ட்ரக் ஆயேகா?" என்கிறார் வாசற்காவலர் யாதவ். இங்கே எந்த லாரி வந்து மோதப்போகிறது என்ற கேலி. தாழ்வாரம் சிரிக்கிறது. ஹெல்மெட் அசைவதில்லை.

அம்பாசமுத்திரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். லோதி ரோட்டில் மத்திய அரசு அலுவலகம், மோதி பாகில் குவார்ட்டர்ஸ். அலுவலகத்தில் யார் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வெட்டும் சமயத்தில் அவருக்கு ஒரு கோப்பு காணாமல் போய்விடும். கேக் துண்டு மேஜைக்கு வந்துசேர்ந்த பிறகுதான் அது கிடைக்கும்.

சென்ற வாரம் கேன்டீனில் ஒரு பத்திரிகைச் செய்தி அடிபட்டது. செயற்கைக் கருத்தரிப்புச் செலவை அரசே ஏற்கலாமா? "பெத்துக்கறது அவாவா சொந்த விஷயம்யா. அதுக்கும் சர்க்கார் படியளக்கணுமா?" என்றார் அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரரான வைத்தி. "சரியாச் சொன்னீங்க சார்" என்று எல்லோருக்கும் முந்திச் சொன்னவர் சுப்பையா.

அதே கேள்வியை, பத்திரிகைக்கு எழுதுவதற்காக, இந்த பெஞ்சில் நானும் கேட்டேன். பதில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்தது. "டெங்குக்காரனுக்கே கட்டில் இல்ல மேடம். இதுக்கெல்லாமா சர்க்கார் காசு? வேண்டாம்னே எழுதிக்கிடுங்க."

பக்கத்தில் அவர் மனைவி கோமதி. கைப்பையை மூடினார். "அப்ப எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

சுப்பையா எழவில்லை.

"மூட்டு மாத்தக் குடுக்கான், கண்ணுல புரை எடுக்கக் குடுக்கான்" என்றார் கோமதி என்னிடம். "இது மட்டும் ஒடம்பு இல்லையா? பிரைவேட்ல ஒருதடவ பாத்தோம். கழுத்துல கிடந்தது போச்சு. இனி இதவிட்டா எங்களுக்கு வேற வாசல் கிடையாது."

இந்த வாசலும் அதிக நாள் திறந்திருக்காது. இங்கே சிகிச்சைக்கு வயது வரம்பு உண்டு. கோமதி அதை நெருங்கிவிட்டார்.

பெண்கள் உள்ளே போகவேண்டும், ஆண்கள் வெளியே காத்திருக்கவேண்டும் என்பது இங்கே வழக்கம். சிகிச்சை தொடங்கும் நாளில் மருத்துவர் முன்னால் இருவரும் கையெழுத்திட வேண்டும். அப்போது யாதவ் வாசலில் நின்று, மனைவி பெயரைச் சொல்லிக் கணவனைக் கூப்பிடுவார், ரயில் நிலையக் குரலில். போன மாதம் "கோமதி கே பதி!" என்று கூப்பிட்டபோது எதிரே மருந்து வரிசையில் வைத்தி நின்றிருந்தார், சர்க்கரை மாத்திரை வாங்க. கோமதியின் கணவர் ஹெல்மெட்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தார். யாதவ் மறுபடி கூப்பிட்டார். பிறகு அடுத்த பெயருக்குப் போனார். சிகிச்சைக்குக் கோமதியின் உடம்பு கணக்காகப் பக்குவப்பட்ட நாள் அது. தவறியதில் அந்த மாதமே வீண்.

"ஹெல்மெட்டுக்குள்ள காது கேக்கலன்னாரு" என்றார் கோமதி. "நானும் சரின்னுட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சுப்பையா தலை குனிந்திருந்தார். சற்று நேரத்தில் அந்தத் தலை நிமிர்ந்து எதிர்ப்பக்கம் நிலைத்தது. மருந்து வரிசையில், கையில் மஞ்சள் பையோடு, வைத்தி. மாதா மாதம் மாத்திரை தீரும், மாதா மாதம் வருவார்.

"கோமதி கே பதி!"

வரிசை திரும்பிப் பார்த்தது. வைத்தியும் பார்த்தார்.

"கோமதி கே பதி! ஹை கோயீ?" ஆள் இருக்கிறாரா என்று யாதவ் மறுபடி கேட்டார்.

கதவிடுக்கில் கோமதியின் முகம் தெரிந்தது. அவர் கணவரைக் கூப்பிடவில்லை. யாதவ் அடுத்த பெயரைத் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுப்பையாவின் விரல்கள் தாடைக்கடியில் வாரைத் தேடின. கொக்கி இரண்டுமுறை வழுக்கியது. ஹெல்மெட் கழன்றபோது முடி நனைந்து ஒட்டியிருந்தது, நெற்றியில் சிவப்பாக ஒரு தடம். எழுந்து நின்று, வைத்தி இருந்த பக்கமே பார்த்தபடி, பள்ளியில் ஆஜர் சொல்கிறவரைப்போல் வலது கையை உயரத் தூக்கினார்.