சாமியார் வீட்டு வாசலை மறித்து நின்ற மதினி

பேட்டையில் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது எங்கள் ஊர் வண்டிக்காரர் வந்து நின்றார். "உம்ம மதினி மரியதங்கம் போய்ட்டாவ வே. சாயங்காலம் அடக்கம்" என்றார். கதவைச் சாத்திவிட்டு அப்படியே வண்டியில் ஏறினேன்.

மதினி என் அண்ணன் மனைவி. மூக்குக்கு மேல் கோபம். அவர்களிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. அண்ணனைக் காலரா கொண்டுபோன பிறகு, ஆற்றுப் பாசன வயல்களில் நடவு நட்டு ஒரே மகள் செசிலியை வளர்த்தார்கள்.

செசிலி சிறுமியாக இருந்தபோது ஒருநாள் கை வீங்கி, அழுதுகொண்டே அந்தோனியார் கோயிலிலிருந்து வந்தாள். "சாமி என்னையச் சரக்கறையில போட்டு அடைச்சு அடிச்சாவ" என்றாள். சாமி என்பது எங்கள் தேவாலயக் குரு; ஊரில் சாமியார் என்போம்.

ஊர் கொதித்துப் போயிற்று. கம்போடு முன்னால் நின்றவர், பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித் தரும் உபதேசியார். "சாமியாரா இருந்தா என்னலே, வெளிய இழுத்துப் போடுங்க!" என்று கத்தினார். பெரியவர்கள் வேறு வழி சொன்னார்கள். எங்கள் ஊரில் அந்தோனியார் சுரூபத்தின் முன் எரிகிற திரியைக் கையால் அணைத்து, "நான் செய்யவில்லை" என்று சத்தியம் செய்துவிட்டால் வழக்கு முடிந்தது. பிறகு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. சாமியாரும் அதற்குச் சம்மதித்துவிட்டார்.

அப்போதுதான் மதினி வந்தார்கள். கூட்டம் வழிவிட்டது. நேரே போய்ச் சாமியார் வீட்டு வாசலை மறித்து நின்றார்கள்.

"ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. திரியும் அணைக்கக் கூடாது."

"உம் பிள்ளைக்காகத்தானே வந்திருக்கோம்!" என்றார் உபதேசியார்.

"எம் பிள்ளைக்காகன்னா கம்பைக் கீழ போடும்! அடிச்சுக் கொன்னுட்டா யார்ட்ட கேக்கது? திரியை அணைச்சுட்டா எப்படிக் கேக்கது? போலீசு வரட்டும், ஆயர் வீட்டு ஆளும் வரட்டும். விசாரிச்சு முடியுத வரைக்கும் இவுக குத்தவாளியும் இல்ல, எம் பிள்ளை பொய்க்காரியும் இல்ல."

ஒரு கல் வந்து நெற்றியைக் கிழித்தது. பாவிகள்! "சாமியார்ட்ட என்ன வாங்குன?" என்று பெற்ற தாயைப் பார்த்தே கேட்டார்கள். பக்கத்தில் நின்ற நான் துண்டை எடுத்து அவர்கள் நெற்றியில் கட்டினேன். போலீசார் வரும்வரை மதினி அசையவில்லை.

அம்பாசமுத்திரத்து இன்ஸ்பெக்டரும் சாமியார்களுக்கு மேலான ஆயர் அனுப்பிய முதிய குருவும் செசிலியைத் தாயின் மடியில் உட்காரவைத்துப் பையக் கேட்டார்கள். அதுவரை அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினோமே தவிர, அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"முகத்தைப் பாத்தியா, தாயி?"

"இல்ல. இருட்டு. அங்கியைத்தான் பாத்தேன்."

சாமியார்கள் தங்கள் பழைய அங்கியை உபதேசியாருக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாமியார் வெளியூர் போனால் உபதேசியார் அதைப் போட்டுக்கொண்டு அடக்கம் நடத்துவதை ஊரே பார்த்திருக்கிறது. இருந்தும், அங்கி என்றதும் எங்களுக்குச் சாமியாரைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. செசிலி பேசியதைப் பார்த்து இன்னும் இரண்டு பிள்ளைகள் வாய் திறந்தார்கள். அதே சரக்கறை, அதே அடி. அவர்கள் முகத்தையும் பார்த்திருந்தார்கள். உபதேசியாரின் முகம்.

அதே கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. நெற்றிக் கட்டோடு மதினி குறுக்கே விழுந்தார்கள். "இவனுக்கும் விசாரணைதான். கையை எடுங்கலே!" உபதேசியார் உயிரோடு சிறைக்குப் போனார்.

மதினியின் அடக்கத்துக்கு அந்தச் சாமியார் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. செசிலி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா உங்களை எம்புட்டு நம்புனாவ, சாமி" என்று அழுதாள்.

அவர் தலையசைத்தார். "இல்ல மகளே. அன்னைக்குக் கதவுக்கு உள்ளருந்து, நீயாவது என்னை நம்புதியாம்மான்னு கேட்டேன். 'நம்பல சாமி, எம் பிள்ளையத்தான் நம்புதேன். ஆனாலும் உங்களை அடிக்க விடமாட்டேன்'னு சொன்னா."

பக்கத்திலேயே நின்றும், அந்தக் கூச்சலில் இது என் காதில் விழவில்லை. நம்பாத ஒருவருக்காகவா கல்லடி பட்டீர்கள், மதினி? போய் வாருங்கள்.