கொரிய ஓவியத்துக்கு முன்னால் கழற்றிய செருப்பு

இன்றைக்குக் காலையில் இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, நேரே மகள் வேலை பார்க்கிற ஓவியக்கூடத்துக்குப் போனேன். கொரிய ஓவியர் ஒருவரின் கண்காட்சி. வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல மகளுக்கு இதுதான் முதல் நாள்.

"அம்மா, எதையும் தொடாதீங்க. சத்தமாப் பேசாதீங்க" என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

தொடவில்லை. பேசவுமில்லை.

அவர்கள் நாட்டுக் கோயில்களில் தூணுக்கும் உத்தரத்துக்கும் பூசுகிற வண்ணங்களை மட்டும் எடுத்து வரைந்திருக்கிறார். உருவமே கிடையாது. பச்சை, சிவப்பு, நீலம், பட்டை பட்டையாகக் கூரை வரைக்கும். சந்நிதியில் நிமிர்ந்து பார்க்கிற மாதிரியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், வெறுங்காலோடு நிற்கிறேன். செருப்பு அறை வாசலில் கிடக்கிறது.

பின்னால் வந்தவர்கள் அதுதான் விதி என்று நினைத்து, அவர்களும் வரிசையாகக் கழற்றிவிட்டார்கள். ஏழு ஜோடி.

மகள் ஓடி வந்தாள். "என்னம்மா இது, கேலரி லா. முதல் நாளே எனக்கு வேலை போயிடும்."

அதற்குள் ஓவியரம்மாவே வந்துவிட்டார். "கோயில்னு நினைச்சுட்டாங்க, சாரி" என்று மகள் ஆங்கிலத்தில் என்னைக் காட்டினாள்.

அவர் செருப்பு வரிசையைப் பார்த்தார். "எங்க கோயில்லயும் கழற்றிட்டுத்தான் உள்ளே போவோம். இங்கே அப்படிக் கேட்க எனக்குக் கூச்சமா இருந்தது" என்று சொல்லிக்கொண்டே தன் ஷூவையும் கழற்றி வைத்தார்.

மத்தியானமே அறை வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். எழுதியது என் மகள்தான்.

இந்த வாரம் போகிறவர்கள் நல்ல சாக்ஸாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டை தெரிந்தால் என்னைத் திட்டக் கூடாது.