பூசைக்கு அணைத்த மெஷின்

பாக்கியசீலனைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் நான்தான் சொல்ல வேண்டும். அவன் வாயைத் திறக்க மாட்டான்.

பாளையங்கோட்டைக்காரன், வேதக்காரன்; கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவன் அம்மா பாக்கியவதி டீச்சரிடம் படிக்காத பிள்ளை எங்கள் பக்கத்தில் குறைவு. நான் படிக்கவில்லை, அது வேறு. பம்பாயில் எட்டு வருசம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன், டீச்சருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததும் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊருக்கு வந்துவிட்டான். அவன் படிப்புக்கு அப்போது இங்கே வேலை ஏது? இருந்தது எங்கள் கம்பெனி ஒன்றுதான். அவுரி இலையைக் காயவைத்துத் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் அனுப்புகிற கம்பெனி. வெளிநாட்டுக்காரனுக்கு வயிறு சுத்தமாக நம் ஊர் இலை. அங்கே கூட்டுவது, டீ போடுவது, கதவைத் திறந்து பூட்டுவது எல்லாம் நான்.

என் வாய் ஊருக்குத் தெரியும். புருசன் போன நாளிலிருந்து இந்த வாயை வைத்துத்தான் பிழைத்தேன். மேனேஜர் வைத்தியலிங்கம்கூட டீ ஆறிப்போச்சு என்று சொல்லப் பயப்படுவார். படிக்காதவள் என்று ஒருத்தரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்ல விட்டதில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருசம், ஆயுத பூசைக்கு முந்தின மாசம். பாக்கியசீலன் மூன்று நாளாகத் தபால் மெஷினுக்கு முன்னால் சாப்பாடு மறந்து உட்கார்ந்திருந்தான். ஈ-மெயில் எல்லாம் வந்து சேர்கிற பெரிய கம்ப்யூட்டர் அது. தனி அறை, தனி ஏசி, மருமகனை வைத்த மாதிரி வைத்திருந்தார்கள்.

"ஏலே பாக்கியம், அந்தப் பெட்டிய என்னத்துக்கு இப்பிடி மொறைக்க? ஒன் சொத்தயா எழுதி வாங்கிட்டு?"

"தூத்துக்குடி ஆபீஸ்ல இருந்து இதத் தொறந்து தபால் பாக்க முடியல ஆச்சி. நடுவுல காவல் நிக்கிற பெட்டி மறிக்கி."

காவல் பெட்டியை அவன் ஃபயர்வால் என்பான். நெருப்பும் இல்லை, சுவரும் இல்லை; அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான்.

"மறிச்சா விடச் சொல்லு."

"எங்க விடச் சொல்ல? தபால் மெஷினுக்கு ஆயிரக்கணக்குல வாசல் உண்டு ஆச்சி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். மெஷின அமத்திட்டு மறுபடி போட்டா, எந்த ரெண்டு வாசல் காலியா கெடக்கோ அங்கன போயி உக்காந்துக்கிடும். ஆபீசுக்குள்ள இருக்கவங்க எப்பிடியும் தேடிப் பிடிச்சிருவாங்க. வெளிய இருந்து வாரவங்கள, நான் எழுதிக் குடுத்த நம்பர் வாசலுக்கு மட்டுந்தான் காவக்காரன் விடுவான். அங்கன போனா ஆள் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது.

"இது பாளை மார்க்கெட் கதல்லாலே. பதினோரு வருசம் கீரை வித்திருக்கேன். முதல்ல வந்தவ நல்ல எடத்துல உக்காந்துக்கிடுவா. நேத்து வேம்புக்குக் கெழக்க இருந்தேன்னா இன்னைக்கு மீன்காரி பக்கத்துல. வாடிக்கைக்காரி வேம்புக்குக் கெழக்க வந்து பாத்துட்டு, அங்கன எவ இருக்காளோ அவகிட்ட வாங்கிட்டுப் போயிருவா. குத்தகைக்காரர்ட்ட சண்ட போட்டு, இது பாலம்மா எடம்னு சுண்ணாம்பு கோடு போட்ட பெறகுதான் என் யாவாரம் நெலச்சுச்சு. நீயும் கோட்டப் போடு. ஒனக்கு இந்த வாசல்தான்னு முதல்ல மெஷின்ட்ட சொல்லு. பெறகு காவக்காரன்ட்ட அதே நம்பரச் சொல்லு."

அவன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"பம்பாயில இத ஒரு நாள் பூரா நடத்துனாவ ஆச்சி. நீங்க டீ ஆறுததுக்குள்ள சொல்லிட்டிய."

அன்று முழுக்க எனக்கு நடையே வேறாக இருந்தது.

ஆனால் கோடு போட ஒரு தடங்கல். மெஷினுக்குள் நம்பரை எழுதிய பிறகு ஒரு தரம் அமர்த்திப் போட்டால்தான் அது பேச்சைக் கேட்குமாம். கப்பல் நேரம். "பூச கழியட்டும் வே, இப்ப எதையும் நிப்பாட்ட வேண்டாம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதனால் பாக்கியசீலன், மெஷின் அன்றைக்கு எந்த வாசல்களில் உட்கார்ந்திருந்தது என்று பார்த்து, அந்த இரண்டு நம்பரை மட்டும் காவல் பெட்டியில் திறந்துவிட்டான். தூத்துக்குடிக்குத் தபால் போனது. 1034, 1041. தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியும் வைத்தான். எனக்கு எழுத்து தெரியாது. நம்பர் தெரியும், டவுன் பஸ் கற்றுக்கொடுத்தது.

"மெஷின் தூங்காத வரைக்குந்தான் இது ஓடும் ஆச்சி" என்றான். எனக்கு விளங்கியது. இதை அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன்: எனக்கு விளங்கியது.

பூசைக்கு முந்தின சனிக்கிழமை, தங்கச்சி கரோலின் கல்யாணத்துக்கு நாசரேத்து புறப்பட்டான். போகும்போது எல்லாரும் இருக்கையில் சொன்னான்.

"ஆச்சி, பூசைக்கு எல்லாத்தையும் அமத்துங்க. இத மட்டும் தொடாதிய. கேட்டியளா? இத மட்டும்."

ஒரு தரம் சொன்னால் போதாதா? சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, அத்தனை பேர் முன்னால் இரண்டு தரம். அது சுருக்கென்று தைத்தது.

திங்கட்கிழமை பூசை. டைப் மெஷின், தராசு, இலை அமுக்குகிற மெஷின் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பூசை வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை ஓட்டக் கூடாது. எங்கள் பக்கம் அரிவாள்மணைகூட அன்று படுத்திருக்கும். ஏசி அறைக்குள் அது மட்டும் இரைந்துகொண்டிருந்தது. சூடம் காட்டும்போது கணக்கர் சங்கரசுப்பிரமணியன் என் பக்கம் திரும்பினார்.

"என்ன ஆச்சி, அதுக்கு மட்டும் பூச கெடையாதோ? வேதக்காரன் ஆர்டரோ?"

"ஆமா வே, ஒமக்கு என்னவாம்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க ஒருத்தர் சொல்லிக் கேட்டு இன்னைக்குத்தான் பாக்கேன்."

நாலு பேர் சிரித்தார்கள். பொரிகடலை வாங்கிக்கொண்டு ஐந்து மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். நான் தனியாகக் கூட்டிப் பெருக்கினேன். பிறகு ஏசி அறைக்குள் போனேன். சந்தனம் வைத்தேன். சுவிட்சை அமர்த்தினேன்.

என் புருசன் அரிசி மில்லில் பெல்ட்டில் சிக்கிச் செத்தவர். செத்தது ஒரு ஆயுத பூசை அன்றைக்கு, முதலாளி மில்லை ஓட்டியதால். இதைச் சொன்னால் அதனால்தான் அமர்த்தினேன் என்று நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அந்த நேரத்தில் அவர் நினைப்பு எனக்கு வரவில்லை. யார் சொல்லையும் கேட்கிறவள் இல்லை நான், அதைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் ஆபீஸ் திறக்குமுன் மெஷினைப் போட்டேன். பழையபடி இரைந்தது. உள்ளே இருந்தவர்களுக்குத் தபால் வந்தது, போனது. நானும் மறந்துவிட்டேன்.

தூத்துக்குடிக்கு ஒன்றும் எட்டவில்லை. மெஷின் வேறு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டது. முதல் கப்பலிலேயே சரக்கை ஏற்றச் சொல்லி ஜெர்மனிக்காரன் எழுதியதை இங்கே இருந்தவர்கள் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். அங்கே சரக்குக் கிட்டங்கி பார்க்கிற உமர் பாரூக், பூசை லீவில் எவன் தபால் போடப் போகிறான் என்று இருந்துவிட்டார். வியாழக்கிழமை அவர் போன் செய்தபோது கப்பல் போய்விட்டது.

பாக்கியசீலன் கல்யாண வேட்டியோடு பஸ் ஏறி வந்தான். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து எதையோ தேடிப் படித்தான். பிறகு அதன் நெற்றியில் லேசாக ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தான். நான் துடைத்திருந்தேன்; சரியாகத் துடைக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தான். நான் விளக்குமாற்றைப் பார்த்தேன்.

மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். நான் டீ தட்டோடு நின்றேன்.

"எப்பிடி வே நின்னுச்சு?"

"நம்பரக் கட்டாம விட்டது நான் சார். தப்பு எம்மேலதான்" என்றான் பாக்கியசீலன்.

"அது சரி, யாரும் அமத்துனாவளா?"

கணக்கர், "நான் போவயில ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. பெறகு ஆச்சி மட்டுந்தான்" என்று இழுத்தார்.

"அவங்களக் கேட்டு என்ன செய்ய?" என்றார் மேனேஜர். "படிக்காத பொம்பள. பாவம், அவங்களுக்கு இது வெளங்கவா போவுது?"

வேறு நாளாக இருந்தால் அந்த டீயை அவர் மேசையில் கொட்டியிருப்பேன். அன்று தலையைக் குனிந்துகொண்டேன். பாவம் பிடித்த படிக்காத பொம்பளையாக நின்றேன். அந்த வார்த்தை நல்ல நிழலாக இருந்தது.

பாக்கியசீலனை இன்னும் நிரந்தரம் ஆக்கவில்லை. சனிக்கிழமை மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு மேனேஜர் எழுதப்போகிற காகிதத்தில் அவன் வேலை நிலைக்கும் அல்லது போகும். போனால் டீச்சரைத் தூக்கிக்கொண்டு மறுபடி பம்பாய் போக வேண்டும். தலையணைக்கு மேலே தலை தூக்க முடியாதவளை இரண்டு நாள் ரயிலில். எல்லாம் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையும் வாய் திறக்கவில்லை. அவன் எப்போதும் போல டீயை வாங்கி, "நல்லாருக்கு ஆச்சி" என்றான். திட்டியிருந்தால் நானும் நாலு திட்டிச் சமாளித்திருப்பேன்.

சனிக்கிழமை மேனேஜர் அறையில் டைப் அடித்த காகிதம் கிடந்தது, கையெழுத்துக்கு. கணக்கர் பக்கத்தில் நின்றார். டீயை வைத்தேன். போகவில்லை.

"என்ன ஆச்சி?"

"மெஷின அமத்துனது நான்."

கணக்கர் சிரித்தார். "தெரியாம கை பட்டிருக்கும் சார். ஆச்சிக்கு என்ன தெரியும்?"

"தெரியும் வே" என்றேன். "அது எந்த வாசல்ல இருந்துச்சுன்னு தெரியும். அமத்துனா எடம் மாறிரும்னு தெரியும். அவன் அமத்தாதியன்னு ரெண்டு தரம் சொன்னான். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

சொல்லி முடிக்குமுன் முகமெல்லாம் எரிந்தது. அறுபத்தைந்து வயசில் அப்படி ஒரு வெட்கம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

மேனேஜர் பாக்கியசீலனைக் கூப்பிட்டார். "ஒமக்கு இது தெரியுமா?"

"மெஷின்லயே பதிவாயிருந்துச்சு சார். திங்க சாயங்காலம் அஞ்சம்பதுக்கு நின்னுச்சு. செவ்வா காலம்பற ஏழு பத்துக்கு எந்திச்சிச்சு."

"பெறகு ஏன் வே சொல்லல?"

"ஒரு கை பட்டா விழுத மாதிரி வச்சது நான்லா சார். அது யார் கையா இருந்தா என்ன?"

மேனேஜர் காகிதத்தை மடித்து டிராயரில் போட்டார். வேலை போகவில்லை, நிரந்தரம் ஆக்குவதை ஒரு வருசம் தள்ளிவைத்தார்கள். அந்த ஒரு வருசம் நான் கொடுத்தது. என்னையும் யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மறுநாள் ஞாயிறு. வேதக்கோயில் முடிந்து வந்து பாக்கியசீலன் கதவைத் திறக்கச் சொன்னான். மெஷினுக்குள் இரண்டு நம்பரை எழுதினான், காவல் பெட்டியில் அதையே எழுதினான். பழைய தாளைக் கிழித்துப் புதுத் தாள் ஒட்டினான். 5010, 5011. பிறகு நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அமத்துங்க ஆச்சி."

"நீ அமத்து. என் கை வேண்டாம்."

"நீங்கதான் அமத்தணும். அப்பதான் எனக்கு நம்பிக்க வரும்."

அமர்த்தினேன். இரைச்சல் நின்று அறை செத்த மாதிரி ஆனது. அவன் சொன்னதும் மறுபடி போட்டேன். ரொம்ப நேரம் ஆயிற்று. திரையில் வரிசையாக எழுத்தும் நம்பரும் வந்தன. அவன் ஓர் இடத்தில் விரலை வைத்தான்.

சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். அதே நம்பர்.

"எடம் மாறலலே" என்றேன்.

"மாறாது ஆச்சி" என்றான். தூத்துக்குடிக்கு போன் போடத் திரும்பினான். நான் டீ போடப் போனேன். அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க எனக்கு அது ஒன்றுதான் வேலையாக இருந்தது.